டேப்பு விழுந்த சீட்டின் படலம்

வாழ்க, முனிகிருஷ்ணன்! விஜயபுரத்து வேர்க்கடலைக் கொல்லையிலே பிறந்து, திருப்பதி நகரத்துக் கல்லூரியிலே டிசைன் என்னும் கடலை நீந்தப் புகுந்தவனும், கழுத்திலே கேமராவும் கையிலே அளவு டேப்பும் ஏந்தியவனும், ஆய்வுமுறை என்னும் ஒரே பேப்பரிலே முன்பொருமுறை மண்ணைக் கவ்வியவனுமாகிய அம்மாவீரன் புகழைப் பாடத் துணிந்தோம். இடம் கிடைத்தோர் அமர்ந்தும் கிடைக்காதோர் கம்பியைப் பிடித்தும் கேட்பீராக!

ஊரூராய் இளைஞரையெல்லாம் பெங்களூரு வாரிக்கொண்டு போன காலம் அது. பஸ் சீட்டு செய்யும் கம்பெனியொன்று அவனுக்கும் அங்கே வேலை தர இசைந்திருந்தது, அந்த ஒரு பேப்பர் பாஸானால். பஸ்ஸேறி ஜனங்களைக் கவனித்து எழுதவேண்டிய அந்தப் பேப்பருக்கோ பேராசிரியை ஸ்வர்ணலதா கர்ஜனையாய் ஒரு விதி அருளியிருந்தார்: "கவனிப்பவன் கவனிக்க மட்டுமே கடவன்! வாய் திறந்தால் ஆய்வு செத்தது!" சென்ற முறை காலி சீட்டைக் கண்டதும் உட்கார்ந்து தூங்கிவிட்ட பாவத்தால் தோற்றவன், இம்முறை கல்லாய் நிற்பேன் என்று ஏழுமலையை நோக்கிச் சபதம் செய்தான்.

மாலையில், திருப்பதி பஸ் நிலையத்தினுள் நகரி போகும் பஸ் நுழைந்தது. மூண்டது போர்! துண்டுகள் பறந்தன, கர்ச்சீப்புகள் பாய்ந்தன, ஜன்னல் வழியே குடையொன்று வேலெனச் சென்றது, லட்டுப்பை ஒன்று தூது போய் மூவர் சீட்டை முழுதாய் வளைத்தது. பொருள் விழுந்த சீட்டில் பிறர் அமரார் என்பதே அந்நாட்டு அறம். அவ்வறத்தை ஆராயவே வந்த நம் வீரன், கூட்டம் தள்ளிய தள்ளலிலே உள்ளே போய்ச் சேர்ந்து, மிஞ்சிக் கிடந்த ஒற்றைச் சீட்டின் அகலத்தை அளக்க டேப்பை விரித்து வைத்துவிட்டு, குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினான்.

அந்த நேரம் பார்த்து, மலையை நடந்தே ஏறி இறங்கிய முழங்காலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையுமாய் வந்த மணியம்மா, டேப்பைக் கண்டு ஒதுங்கி நின்றாள். "யாரோ எடம் புட்ச்சி வெச்சிக்கினு போயிருக்காங்க" என்றாள். அடுத்து, எறிந்த துண்டு குறி தவறி டிரைவர் சீட்டில் விழுந்த கொதிப்போடு வந்தான் கங்கையா. "துண்டு போட்டா சீட்டு! டேப்பு போட்டா சீட்டா?" என்று முழங்கினான். "எது போட்டாலும் போட்டதுதான்!" என்று பஸ்ஸே திரண்டு எதிர்முழக்கம் செய்ய, அவனும் அடங்கினான். "டேப்பு எவரிதி? யார்துப்பா டேப்பு?" என்று இருமொழியிலும் பறையறைந்தார் கண்டக்டர். ஆய்வுநெறி காத்த நம் வீரனோ வாய் திறக்கவில்லை.

பஸ் புறப்பட்டது. சுற்றிலும் மனிதர் புளிமூட்டையாய் நெருங்கி நிற்க, நடுவே அந்தச் சீட்டிலே டேப்பு மட்டும் அரசனைப்போல் அமர்ந்து ரேணிகுண்டாவைக் கடந்தது. எந்த ஆய்வாளனுக்கும் வாய்க்காத காட்சி! பாஸ் நிச்சயம், பெங்களூரு நிச்சயம் என்று முனிகிருஷ்ணன் பூரித்தான். ஆனால் பஸ் குலுங்கும்போதெல்லாம் மணியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு "கோவிந்தா" என்று முனகினாள். ஒவ்வொரு முனகலுக்கும் அவன் சபதம் கொஞ்சம் ஆடியது. புத்தூர் வருமுன்னே அவனுக்குத் தாங்கவில்லை.

"என்துதாம்மா டேப்பு! நீ ஒக்காரு!" என்று பஸ் அதிர அறைகூவினான் அவ்வள்ளல்.

மணியம்மா உட்கார்ந்தாள். "இத்தினி நேரம் வாயில இன்னா நைனா வெச்சிக்கினு இருந்த?" என்று கேட்டு, டேப்பைச் சுருட்டி அவனிடம் கொடுத்தாள். நெறி பிறழினும் மெய் பிறழா அந்நெஞ்சுடையோன், நடந்தது அனைத்தையும், தான் வாய் திறந்தது உட்பட, நடந்தபடியே எழுதி ஸ்வர்ணலதாவின் திருமேஜையில் சமர்ப்பித்தான்.

மறுபடியும் ஃபெயில்.