ஊதுபத்தியார் நம்பாத தரை

மனிதர்களைச் சந்தேகப்படுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். தரையைச் சந்தேகப்பட்டவர், எனக்குத் தெரிந்து, ஊதுபத்தியார் ஒருவர்தான்.

காரிமங்கலம் தாண்டி ஒரு வெங்கச்சங்கல் குவாரியில் நான் கிளார்க்காக இருந்தபோது, அவர் அங்கே துளை போடும் மிஷின்காரர். நாங்கள் மேலேயிருந்து வெட்டிய இடத்துக்கு அடியில், அந்தக் காலத்தில் யாரோ சுரங்கம் தோண்டிவிட்டுக் கைவிட்டுப் போயிருந்தார்கள். அது எங்கெங்கே போகிறது என்று காட்ட ஒரு வரைபடமும் கிடையாது. அதனால் பொக்லைன் போவதற்கு முன்னால் இவர் துளை போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

துளை போட்டதும் குப்புறப் படுத்துக்கொள்வார். காற்றை மறைக்கத் தலைக்கு மேல் கறுப்புக் குடை. உள்ளே, துளையின் வாயில் ஓர் ஊதுபத்தி. புகை மேலே போனால் அடியில் கெட்டிப் பாறை. உள்ளே போனால் பொந்து. ஒருநாள் நானும் குடைக்குள் தலையை விட்டேன். பட்டப்பகல்தான். கீழே யாரோ ஆசையாக இழுப்பதுபோல் புகை வளைந்து பூமிக்குள் இறங்கியது. சற்று நின்றது. பிறகு சில்லென்ற காற்று என் முகத்தில் பட்டது.

"மூச்சு வுடுதுங்க," என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

இன்னொரு நாள் அவர் கிழக்கு மூலையில் பத்தி கொளுத்த, வாசம் வெகுதூரம் தள்ளி எங்கள் டீக் கொட்டகையின் தரை வெடிப்பிலிருந்து வந்தது. அவர் உடனே கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார். எங்கள் ஆட்களோ அடியில் அம்மன் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பொந்து இருக்கிற துளையில் அடையாளத்துக்கு மூன்று பத்தி செருகிவிட்டு, அவர் சிவப்பு ரிப்பன் எடுக்கப் போவார். திரும்பி வருவதற்குள் அங்கே மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் ஆகியிருக்கும். வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தார். யார் கேட்டது? நானே இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வந்த பொக்லைன் டிரைவர் முனியப்பன் மகா பக்திமான். முதல் வேலையை நல்ல இடத்தில் தொடங்கலாமென்று, மூன்று பத்தி புகைந்த இடத்தின் மேலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். ரிப்பனோடு வந்த ஊதுபத்தியார் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். குவாரி நாயைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற மனிதர் அவர்.

"எறங்குடா!"

முனியப்பன் குதித்தான். சத்தமே இல்லாமல் தரை விலகி, வண்டியைப் பாதிவரை வாங்கிக்கொண்டது. பல மாதமாக உள்ளே சேர்த்து வைத்திருந்ததுபோல் ஊதுபத்தி வாசம் கமகமவென்று மேலே எழுந்தது.

சாமி இருக்கிற இடமென்று நினைத்து நிறுத்தியதாக முனியப்பன் அழுதான். ஊதுபத்தியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க தம்பி. அவசரத்துல மரியாதையில்லாம பேசிட்டேன்," என்றார்.

போன மாதம் பாப்பாரப்பட்டியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரப் போகையில் கையமர்த்தி, குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உக்காருங்க. கெட்டியாத்தான் இருக்குது."

எத்தனையோ பெரிய வீடுகளில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் விழுந்துவிடக் கூடாதே என்று தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார வைத்தவர் இவர் ஒருவர்தான்.