அவிச்ச நெல்லும் ஒரு குடிலும்

பெத்லகேமில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. தகரத் தட்டில் மண் பரப்பி, நெல் தூவி, ஒரு வாரமாகத் தண்ணீர் தெளித்த கிளாட்சன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி அமலி இரண்டு வருஷம் கழித்து இன்று சாயங்கால ரயிலில் நீடாமங்கலம் வருகிறாள். கிறிஸ்துமஸ் குடில் என்றால் அமலிதான். அவன் டூட்டி முடிந்து வரும்போது, பங்குச் சாமியாரே மெச்சும்படி குடில் தயாராக நிற்கும். அவள் போனதிலிருந்து வீட்டில் குடிலே இல்லை. இந்தத் தடவை பிள்ளைகளோடு தானே செய்து அவளை அசத்துவதென்று லீவு போட்டிருந்தான்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி எட்டிப் பார்த்தாள்.

"எந்த நெல்லு தம்பி தூவுனீங்க?"

"மில்லுக்குன்னு கட்டி வச்சிருந்த மூட்டைதாங்க்கா."

"அட அல்லாவே! அது அவிச்ச நெல்லு. ஜென்மத்துக்கும் முளைக்காது. நான் வரட்டா?"

"வேணாங்க்கா. அமலி ஒத்த ஆளாத்தானே செய்வா? நானும் செய்வேன்."

பிள்ளைகள் ஜெனிட்டாவும் ஜோஸ்வாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பீவி அத்தை வரட்டும்பா..."

"சும்மா இருங்க ரெண்டு பேரும்!"

வாய்க்கால் கரையில் அறுகம்புல்லைப் பெயர்த்து வந்து நட்டார்கள். களிமண்ணில் ஆடு பிடித்துக்கொண்டிருந்தபோது, சைத்தூன் பீவியின் நிஜ ஆடு வந்து புல்லை மேய்ந்துவிட்டு, குடில் கூரை வைக்கோலையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது.

"ஆட்டைக் கட்டிப் போட மாட்டீங்களாக்கா?" என்று கத்திவிட்டு, வைக்கோலுக்குப் பதில் தென்னங்கீற்றைப் போட்டான். கனம் தாங்காமல் குடிலே சரிந்தது. உள்ளே இருந்த இடையர்களெல்லாம் சப்பாத்தி.

பிள்ளைகள் மறுபடி பிசைந்தார்கள். சூசையப்பருக்குக் கழுத்து இல்லை. ஆடுகள் பன்றிகளாகிவிட்டன. குருத்தோலை நட்சத்திரத்துக்கு எப்படி எண்ணினாலும் நாலு முனைதான்.

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அமலி பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் குடிலைப் பார்த்தாள். கிளாட்சன் களிமண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மன்னிச்சுக்க அமலி. உன் கைவாகு எனக்கு வரல."

"எனக்காகவா லீவு போட்டீங்க?"

தலையாட்டினான். அவள் தரையில் உட்கார்ந்து, கழுத்தில்லாத சூசையப்பரை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு விசும்பினாள். "ரொம்ப நல்லா இருக்குங்க. சாமிக்கும் உங்களுக்கும் கோடி நன்றி."

"கேலி பண்ணாத. ஊரே பாராட்டுன குடில் செஞ்சவ நீ. இதைப் போய்ப் பாத்து அழறியே!"

சேமியாப் பாயசத்தோடு வந்த சைத்தூன் பீவி சிரித்துவிட்டாள்.

"அழாம என்ன பண்ணும் தம்பி? வருசா வருசம் நான் செஞ்சு குடுத்ததைத்தானே அமலி தன்னோடதுன்னு காட்டுச்சு! இந்த வீட்டு ஆளுங்க செஞ்ச மொதக் குடிலே இதுதான்."