எட்டரை மணி சீரியலும் என் இன்ஃப்ரா ரெட் சதியும்

இனிமே இந்த வீட்டு டி.வி. என் பேச்சைத்தான் கேக்கணும். ஒரு அமாவாசை அன்னைக்குக் காலையில, பல் விளக்கிக்கினே இந்த முடிவை எடுத்தேன். சத்தமா எடுக்கலை. என் வீட்டுக்காரி ஏலவார்குழலி பக்கத்துலதான் தண்ணி புடிச்சிக்கினு இருந்தா.

என் பேரு வீரபாகு. வீரமெல்லாம் பேரோட சரி. பிள்ளையார்பாளையத்துல, கம்ப்யூட்டர்ல பட்டுப் புடவைக்கு டிசைன் போடறவன். நான் போடற மயிலும் யாளியும் அட்டையில ஓட்டையா மாறி, அந்த அட்டை தறி மேல ஏறி, புடவையில வந்து உக்காரும். ஊர்ல பாதித் தறி நான் சொன்னபடி ஆடுது. வீட்டுல ஒரு டி.வி. ஆட மாட்டேங்குது.

காரணம் ரிமோட். அது குழலியோட இடுப்புல, சாவிக்கொத்துக்குப் பக்கத்துல குடியிருக்குது. எட்டரை மணிக்கு அவளுக்கு சீரியல். அன்னைக்கு அதே எட்டரைக்குத்தான் இந்தியா ஆடற கிரிக்கெட் பைனலோட கடைசிக் கட்டம். அதோட விட்டேனா? பக்கத்து வீட்டுத் திருஞானசம்பந்தம் அண்ணன்கிட்ட வாயை வேற குடுத்துட்டேன். அவர் வீட்டு டி.வி. ரிப்பேர்.

"எட்டரைக்கு நம்ம வீட்டுக்கு வாங்கண்ணா. பைனல் பாக்கலாம்."

"உங்க வீட்லயா? எட்டரைக்கா? குழலிக்குத் தெரியுமாப்பா?"

"எங்க வீட்ல நான் வெச்சதுதான் சட்டம்."

அவர் சிரிக்கலை. இருமினார். அந்த இருமல்ல என் மானம் மொத்தமும் மாட்டிக்கிச்சு.

சும்மா சவால் விடலைங்க. என்கிட்ட ஒரு திட்டம் இருந்துது. கம்ப்யூட்டர் பத்திரிகையோட இனாமா வந்த சி.டி.யிலேர்ந்து லினக்ஸ்னு, கம்ப்யூட்டரையே ஓட்டற சாஃப்ட்வேரைப் போட்டு வெச்சிருந்தேன். அதுக்கு நடுவுல கெர்னல்னு ஒண்ணு இருக்குது. என் வீட்டுல குழலி எப்படியோ, கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல் அப்படி. அதுக்குத் தெரியாம ஒரு சாமான் உள்ள வராது, வெளிய போகாது. ரிமோட்டு கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்துல பேசற பாஷையை அந்தக் கெர்னலுக்குக் கத்துக்குடுத்துட்டா, கம்ப்யூட்டரே டி.வி.க்கு உத்தரவு போடும். முந்தின வாரமே மெட்ராஸ் போய் புளியங்கொட்டை சைசுல ஒரு சாமான் வாங்கியாந்திருந்தேன். அது ரிமோட்டு பேசறதைக் கேக்கற காது. கூடவே ஒரு சின்ன பல்பு, அது பேசற வாய். ரெண்டையும் ஒரே பிளக்குல ஈயம் வெச்சுப் பத்தவெச்சு கம்ப்யூட்டருக்குப் பின்னாடி சொருகிட்டேன்.

பாஷை கத்துக்க ரிமோட் வேணுமே. அன்னைக்கு மத்தியானம் குழலிகிட்ட போனேன்.

"ஏம்மா, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் குடேன்."

"எதுக்கு?"

"ஒரு ஆராய்ச்சி."

"எந்த பட்டனை அழுத்தணும்னு சொல்லுங்க, நான் அழுத்தறேன். ரிமோட் என் கையை விட்டுப் போவாது."

"அதை அழுத்தினா கம்ப்யூட்டர் கேக்கும்மா."

"கேட்டு இன்னா பண்ணும்?"

இங்கதான் ஒரு லஞ்சம் குடுத்தேன். "நான் ராவெல்லாம் கம்ப்யூட்டரை ஓட விட்டு கரண்டை வீணாக்கறேன்னு திட்டுற இல்ல? இனிமே படுத்த எடத்துலேர்ந்தே சிவப்பு பட்டனை அழுத்து. டி.வி.யோட சேர்ந்து அதுவும் அணைஞ்சுடும். உனக்காகவே பண்றேன்."

குழலி முகம் மலர்ந்துது. எனக்குக் கொஞ்சம் வெக்கமாக்கூட இருந்துது.

ஒவ்வொரு பட்டனா அழுத்தினா. திரையில ரிமோட்டோட வெளிச்சக் கணக்கு கோடு கோடா ஓடுச்சு.

"இது இன்னாங்க, வெளிச்சம் எரியற நேரம், அணையற நேரமா?"

"அதேதான். நம்ம அட்டையில ஓட்டை இருந்தா நூலு தூக்கும், இல்லாட்டி தூக்காது இல்ல? அந்த மாதிரி. ஓட்டை வரிசையைப் பாத்தே இது மயிலு, இது யாளின்னு கெர்னல் சொல்லிடும்."

"எப்பவும் கேட்டுக்கினே இருக்குமா?"

"எப்பவும். காது தொறந்தே இருக்கும்."

"பரவால்லியே," அப்டின்னா. அவ என்னைப் பாராட்டறது அபூர்வம். அந்த மயக்கத்துலயே சாயங்காலம் வரைக்கும் இருந்தேன்.

எட்டரை. அமாவாசைன்னா எங்க தெருவுல ஒரு தறியும் ஓடாது. எங்க வீட்டுத் தறிக்கும் லீவு. தறிச் சத்தம் இல்லாம கமென்ட்ரி நல்லா கேக்கும்னுதான் அந்த நாளை நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன். திருஞானசம்பந்தம் அண்ணன் நாற்காலியில உக்காந்தார். குழலி சீரியலைப் போட்டா. நான் மூலையில கம்ப்யூட்டர் முன்னாடி, டிசைன் போடற மாதிரி உக்காந்தேன்.

கீபோர்டுல டக்னு ஒரு தட்டு. சீரியல் மாமியாரு மறைஞ்சு மைதானம் வந்துது.

"ஐயய்ய, இன்னா இது?" குழலி ரிமோட்டை அழுத்தினா. மாமியாரு திரும்பி வந்தா.

டக். மைதானம்.

அவ ரிமோட்டைத் தட்டிப் பார்த்தா. மாமியாரு.

டக். மைதானம்.

"பழைய டி.வி.மா. அதுவா மனசு மாறுது," அப்டின்னேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுல மரியாதை இருந்துது. வாழ்க்கையில அந்த ஒரு நிமிஷம் நான் ராஜா.

குழலி டி.வி.யைப் பாக்கலை. தலையைச் சாச்சு எதையோ கேட்டுக்கினு இருந்தா. அப்பதான் எனக்கு உறைச்சுது. தறி ஓடற நாளா இருந்தா என் கீபோர்டுச் சத்தம் எமனுக்கே கேக்காது. இன்னிக்கு வீடு அவ்ளோ அமைதி. நான் ஒவ்வொரு தடவை தட்டினதும் கூடம் முழுக்கக் கேட்டிருக்குது.

"ஏங்க," அப்டின்னா சாதாரணமா. "அந்தக் காது இப்பவும் தொறந்துதானே இருக்குது?"

நான் பதில் சொல்றதுக்குள்ள சிவப்பு பட்டனை அழுத்தினா. டி.வி. அணைஞ்சுது. கம்ப்யூட்டரும் நல்ல புள்ளையா ஒவ்வொரு வேலையா முடிச்சுக்கினு அணைஞ்சுது.

அவ டி.வி.யை மட்டும் திரும்பப் போட்டா. அதுக்கு ஒரு நொடி ஆச்சு. என் கம்ப்யூட்டர் எழுந்து, சோம்பல் முறிச்சு, கெர்னல் கண்ணு முழிக்கறதுக்குள்ள விளம்பரம் வந்துடுச்சு. விளம்பரத்துல அவ சும்மாதானே இருப்பா? மறுபடியும் சிவப்பு. பிளக்கைப் புடுங்கலாம்னு பார்த்தேன். காதைப் புடுங்கினா வாயும் சேர்ந்து வந்துடும். சரி, காதைக் கையால மூடிக்கலாம்னு மேஜைக்கு அடியில குனிஞ்சேன்.

"கீழ இன்னா தேடறீங்க? அப்டியே அந்த ஒட்டடையையும் எடுத்துடுங்க."

எடுத்தேன்.

நீங்களாவது கிரிக்கெட் போடச் சொல்லுங்கன்னு கேக்கலாம்னு திருஞானசம்பந்தம் அண்ணன் பக்கம் திரும்பினா, அவர் நாற்காலியை டி.வி.க்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கினு, "ஏம்மா, இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுடுவாளா?"ன்னு கேக்கறார். குழலி முதல்லேர்ந்து கதை சொல்லிக்கினு இருந்தா. ஒன்பதுக்கு சீரியல் முடியறப்ப தெருவுல பட்டாசு வெடிச்சாங்க. இந்தியா ஜெயிச்சது எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. அண்ணன் எழுந்து, "நாளைக்கும் எட்டரைதானேம்மா?"ன்னு குழலிகிட்ட கேட்டுட்டுப் போனார்.

மறுநாள் அந்தக் காதைக் கழட்டப் போனேன்.

"அது இருக்கட்டும். எனக்காகத்தானே பண்ணீங்க?" அப்டின்னா.

கையை இழுத்துக்கினேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்குது. முன்னெல்லாம் சாப்பிட வாங்கன்னு நாலு தடவை கூப்பிடுவா, நான் அஞ்சாவது தடவை எழுவேன். இப்ப அவ கூப்பிடறதே இல்லை. சமையல்கட்டு வாசல்ல நின்னு சிவப்பு பட்டனை அழுத்தறா.

இந்தக் கதையைக் கம்ப்யூட்டர்ல மூணாவது தடவையா அடிச்சுக்கினு இருக்கேன். மொத ரெண்டு தடவையும் பாதியில தோசை வெந்துடுச்சு.