எழுந்திரு சார்

செங்கல்பட்டில் சூரியன் தானாகவே உதிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சத்தியமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அதைத் தட்டி எழுப்பி, முகம் கழுவ வைத்து, வானத்துக்கு அனுப்பி வைத்தவர் எங்கள் எழுந்திரு சார். அவருக்கு முன்னால் கூவ அந்த ஊர்ச் சேவல்களுக்கே தைரியம் கிடையாது.

கோர்ட்டில் டைப்பிஸ்ட். நாற்பதைத் தாண்டிய ஒல்லி ஆசாமி. நெற்றியில் நாமம், இடுப்பில் ஈரத்துண்டு, கையில் பித்தளைத் தட்டும் கரண்டியும். சொந்தப் பெயர் என்ன என்று எவருக்கும் தெரியாது. தபால்காரரே வாசலில் நின்று, "எழுந்திரு சாருக்கு ஒரு கார்டு!" என்றுதான் கூவுவார்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், கொளவாய் ஏரிக் காற்று வருகிற ஒரு பழைய வீட்டில், எழுந்திரு சாரையும் சேர்த்து, ஆறு பேர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். எல்லோரும் குடும்பத்தை எங்கோ விட்டுவிட்டு மாற்றலாகி வந்த ஆட்கள். நான் போய்ச் சேர்ந்த மறுநாள், இருட்டு கலைவதற்குள், காதருகே தட்டு அலறியது. வீடு பற்றிக்கொண்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

எழுந்திரு சார் பின்னாலேயே வந்தார். "பொட்டி எதுக்கு சார்? துண்டு மட்டும் போதும். வாங்க, பெருமாள் காத்துகினு இருக்காரு!"

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இருட்டோடு எழுந்து வேப்பங்குச்சி, ஏரியில் முழுக்கு, நாமம், ஈரத்துணியோடு பாசுரம், அரசமரத்தைச் சுற்று, பிறகு சூரியனைப் பார்த்து நமஸ்காரம். பாசுரம் பாடும் குரல் இருக்கிறதே, கரையில் மேய்ந்த எருமைகள் அதற்குப் பயந்துதான் தண்ணீரில் இறங்கின என்பது என் கட்சி.

"இதெல்லாம் செஞ்சா என்ன ஆகும் சார்?" என்று ஏரிக்கரைக் குளிரில் பல் தந்தியடிக்கக் கேட்டேன்.

"இன்னா இப்படிக் கேட்டுட்டீங்க? பெருமாளைக் கும்பிட்டா மலச்சிக்கல் போவும். மலச்சிக்கல் போனா கோவம் போவும். கோவம் போனா ஆபீசர் கண்ணுக்கு நல்லவனாத் தெரிவீங்க. அப்புறம் பிரமோஷன் வராம எங்க போவும்? உடம்பு, மனசு, ஆத்மா, மூணுக்கும் ஒரே முழுக்கு சார்!"

எனக்கு வந்தது ஜலதோஷம்தான்.

எங்கள் ஆறு பேரில் பெரிய கஷ்டம் பார்சல் நாயுடுவுக்கு. ரயில்வே பார்சல் ஆபீசில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு அவர் பாயை விரிக்கிற நேரமும், எழுந்திரு சார் தட்டை எடுக்கிற நேரமும் ஒன்று. "நைனா, நான் இப்பதான் படுத்தேன்" என்று கெஞ்சுவார். "அதான் நல்லது, தூக்கம் பிடிக்கறதுக்குள்ள எழுந்துட்டா வலிக்காது" என்பார் இவர். தாங்கமுடியாமல் நாயுடு ஒருநாள் ஆபீசிலேயே மாம்பழக் கூடைகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். எழுந்திரு சார் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு சாக்காகத் தூக்கிப் பார்த்து, ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நாயுடுகாரு! பெருமாள் காத்துகினு இருக்காரு!"

"பெருமாளுக்கு வேற வேலையே இல்லியா நைனா? என்னை ஏன் இப்படி பேஜார் பண்றாரு?" என்று நாயுடு கூடையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் முன்னால் பஞ்சாயத்து கூடியது. இனி யாரையாவது எழுப்பினால் எழுந்திரு சார் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று தீர்ப்பு. அவர் சண்டை போடவில்லை. தட்டையும் கரண்டியையும் ஒருமுறை பார்த்தார். "ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்னு நெனச்சேன்" என்றார். பிறகு இரண்டையும் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் விடியும்முன் எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம்! தட்டுச் சத்தம் இல்லை, பாட்டு இல்லை. தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த ஊரில் எனக்கென்று ஒரு ஜீவன் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், எழுந்திரு சார் தன்னந்தனியாக ஏரியை நோக்கி, எங்கள் தூக்கம் கலையக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார். ஓடிப்போய்க் கூடச் சேர்ந்துகொள்ளலாமா என்று இருந்தது. கௌரவம் விடவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மனிதர் காணாமல் போனார். எங்கே என்று கேட்டேன்.

"மகாபலிபுரம் சார். அங்க ஒருத்தரை எழுப்பணும். வர்றீங்களா? உங்களை எழுப்ப மாட்டேன், நீங்களா முழிச்சிகினா வாங்க."

யார் அந்தப் பாவப்பட்ட பிராணி என்று பார்க்கவே கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய், ராத்திரி சத்திரத்தில் படுத்தோம். விடியற்காலையில் அவர் என்னை எழுப்பவில்லை. நானே அவர் பின்னால் நடந்தேன். மணலில் இறங்கி நேரே கடற்கரைக் கோயிலுக்குப் போனார். அங்கே உள்ளே இருட்டில், தரையோடு தரையாக, கல்லில் ஒரு பெருமாள் படுத்திருக்கிறார். விளக்கு கிடையாது, மாலை கிடையாது, பூஜை என்பதே கிடையாது. பார்க்க வருகிறவர்கள் உண்டு, எழுப்ப வருகிறவர் எவரும் இல்லை.

எழுந்திரு சார் மண்டியிட்டு உட்கார்ந்து, கல்லின் பாதத்தைத் தொட்டு, "எழுந்திருங்க... விடிஞ்சிடுச்சி" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அத்தனை மெதுவாகப் பேசத் தெரியும் என்றால் நாயுடு எதற்கு அழுதிருக்கப் போகிறார்?

காவல்காரர் பீடியோடு எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, இந்த வாரமும் வந்துட்டியா? அது கல்லுபா, எய்ந்துக்காது!"

"எழுந்துக்கலன்னா போவுதுப்பா. திட்டாது இல்ல?" என்றார் இவர்.

வெளியே வந்து சுவரோரம் மணலில் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"என் சம்சாரம் இருந்தவரைக்கும் நான் எட்டு மணிக்கு முன்னாடி எழுந்தவனே இல்ல சார். அவ இருட்டோட குளிச்சி, வெளக்கேத்தி வெச்சிட்டு வந்து காலைத் தொட்டு ஆட்டுவா. 'எழுந்திருங்க, பெருமாள் காத்துகினு இருக்காரு'ம்பா. நான், 'இன்னும் அஞ்சு நிமிஷம்'னு இழுத்துப் போத்திக்குவேன். ஒரு நாள்கூட அவகூட நின்னு கும்பிட்டது கெடையாது. காமாலையில போயிட்டா. அதுக்கு மறுநாள்லேருந்து எவரும் எழுப்பாமலே முழிப்பு வந்துடுது. வந்து இன்னா பிரயோசனம்? ஊரே தூங்குது, நான் ஒருத்தன் முழிச்சிகினு இருக்கேன். விடியறதுக்கு முன்ன இருக்குதே அந்தக் கொஞ்ச நேரம், அதைத் தனியாத் தாண்ட முடியல சார். கூட யாராவது இருந்தா சாமி கும்பிட்டுகினே தாண்டிடலாம்."

"நான் வரேன் சார், தினமும்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவர் சுவரில் சாய்ந்தார். திரும்பிப் பார்த்தால் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஊரையே எழுப்பிய மனிதர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சூரியன் கடலை விட்டு நன்றாக மேலே வந்துவிட்டது. ஊருக்குள் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். அவர் காலைத் தொட்டு ஆட்டினேன்.

"சார், எழுந்திருங்க. விடிஞ்சாச்சு."

கண்ணைத் திறக்கவில்லை. துண்டை முகம் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்..." என்றார். போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையன் பேசுகிற மாதிரி இருந்தது.

"தூங்குங்க சார். பெருமாள் காத்துகினு இருப்பாரு" என்றேன்.

பெருமாளும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். பஸ்தான் காத்திருக்கவில்லை.