வெங்காயம் வெட்டிய பீரங்கி

சோலிங்கன் நகர் மடக்குக்கத்தி அன்பர் கழகத்துப் பெருமக்களே, வியாழன் மாலை மேசையைச் சுற்றி அமர்ந்து இம்மடலைக் கேட்கவிருக்கும் தோழர்களே, இதனை ஒரு சொல்லும் விடாமல் படித்துக்காட்டும் கடமை பூண்ட கழக இதழாசிரியர் வில்பெர்ட் க்ராஸ் அவர்களே! எவால்ட் பெர்காவின் வணக்கம். தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்றும், தங்கள் பேழைகளில் உறங்கும் கத்திகள் ஈரம் படாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். நான் நலமாக இல்லை. நான் இறந்துவிட்டதாகத் தாங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

கத்தி இறந்ததாகத்தான் அச்சிட்டோம் என்று தாங்கள் மறுப்பீர்கள். அறிவேன். ஆனால் இதழின் கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி, உச்சியில் சிலுவை பொறித்து, "எண் நாற்பத்தொன்று, வெங்காயத்தால் உயிர் நீத்தது" என்பதை எறும்பளவு எழுத்திலும், உரிமையாளர் எவால்ட் பெர்காவ் என்பதை யானையளவு எழுத்திலும் போட்டு, அவ்விதழை ரொட்டிக்கடை மேடையிலும் அடுக்கி வைத்தால், ஊர் எதைப் படிக்கும்? கண்ணாடி மறந்துவந்த கிழவர்கள் எதைப் படிப்பார்கள்? கேட்கிறேன், விடை சொல்லுங்கள்.

நடந்ததை முதலிலிருந்தே அவைமுன் வைக்கிறேன். எண் நாற்பத்தொன்று எதிலிருந்து பிறந்த கத்தி? படையில் பணியாற்றிய நாளில் லூனெபுர்க் பயிற்சி வெளியில் வில்பெர்ட் ஓட்ட, நான் குண்டேற்ற, நால்வராக நாங்கள் உள்ளே அமர்ந்து உருட்டிய பீரங்கி வண்டியின் குழாயிலிருந்து பிறந்தது. வண்டி பழையதாகிப் படை அதைக் கழித்துவிட, நம்மூர்ப் பட்டறை அக்குழாயைத் துண்டாக்கி, மடித்து மடித்து அடித்து, நீரலைபோல் வரியோடும் எஃகாக்கி, எண் பொறித்து விற்றது. நாற்பத்தொன்றை நானும் நாற்பத்திரண்டை வில்பெர்ட்டும் வாங்கினோம். மற்ற இருவரும் அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்கள். கழக நெறிப்படி வெள்ளைக் கையுறை அணிந்தே தொட்டேன். ஒரு நூலைக்கூட அதனால் அறுத்ததில்லை.

என் வீட்டை நீங்கள் அறிவீர்கள். சுவர் முழுதும் கண்ணாடிப் பேழை, பேழை முழுதும் கத்தி, ஒன்றும் வெட்டலாகாது. வெட்டுவதற்கென்று இருந்த ஒரே சமையற்கத்தியை, என் துணைவி இர்ம்கார்ட் மறைந்தபின், அம்மாவின் நினைவாக இருக்கட்டும் என்று மகள் ஹம்பர்க்குக்குக் கொண்டுபோய்விட்டாள். இத்தனை கத்தி உள்ள வீட்டுக்கு இன்னொரு கத்தி வாங்குவது பேதைமை என்று நானும் தள்ளிப்போட்டேன். கத்திகளுக்குப் பேர்போன இவ்வூரில், ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்ற ஒரே குடிமகன் நானாகத்தான் இருப்பேன். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாதவரை அதில் இழுக்கும் இல்லை.

ஆனால் ஒருநாள் வீட்டைச் சூடாக்கும் குழாய்களின் மீட்டர் அளவைக் கட்டணத்துக்காகக் குறிக்க, செவ்தா என்ற பெண் வந்தாள். ஆண்டுக்கொரு முறை வருவாள். என் படியேறி வரும் விருந்தினர் என்று சொல்ல வேண்டுமானால் அவள்தான். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன். மறுப்பாள் என்று எண்ணினேன். பையைக் கீழே வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ரொட்டியைப் பிய்ப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க ஐயா, செவுரு பூரா கத்தி தொங்குது, நீங்க ரொட்டியப் பிய்ச்சுக்கிட்டு இருக்கீங்க. இதெல்லாம் என்ன, பொம்மையா?"

தோழர்களே, தொழிற்சங்கத்துக்காக ஆலை வாயிலில் மூவாயிரம் தொழிலாளர் முன்னே முழங்கிய நாவு என்னுடையது. அன்று நாவை விட்டுக் கையை நம்பினேன். எழுந்தேன். பேழையைத் திறந்தேன். எண் நாற்பத்தொன்றை விரித்தேன். ரொட்டியை அறுத்தேன், பாலாடைக்கட்டியை அறுத்தேன், வெங்காயத்தை வளையம் வளையமாக அறுத்தேன். அறுத்தபடியே பீரங்கியின் வரலாற்றையும் சொன்னேன். இந்தப் பீரங்கி யாரையாவது கொன்றிருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. பனிப்போர் காலத்துல எல்லையில கிழக்கப் பாத்துக்கிட்டு வருஷக்கணக்கா நின்னுச்சு. யாரும் வரல."

அவள் மென்றுகொண்டே சொன்னாள்: "அப்ப உங்கள மாதிரிதான்."

நான் சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டைக் காக்க வார்த்த எஃகு தன் வாழ்நாளில் வீழ்த்திய முதற்பகை அந்த வெங்காயம். வெங்காயமும் சும்மா சாகவில்லை. கத்தியைத் துடைக்க மறந்து நான் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அலகில் நீலக்கறையொன்றை விட்டுச் சென்றது.

இதனைப் பெருமையோடு வியாழன் மேசையில் எடுத்துரைத்தேன். பீர்க்கோப்பைகள் பாதி வழியில் நின்றன. வில்பெர்ட் கையுறை மாட்டி, உருப்பெருக்கி வைத்து, மருத்துவரைப்போல் நெடுநேரம் நோக்கினார்.

"கறை போற வரைக்கும் நீ இங்க உக்கார வேணாம், எவால்டு" என்றார். "உன் நாற்காலிய செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிடறேன்."

வைத்தும் விட்டார். அடுத்த இதழில் இரங்கல் அறிவிப்பும் வந்தது. ரொட்டிக்கடைப் பெண் என்னைக் கண்டு தட்டைக் கீழே போட்டாள். கீழ்வீட்டுத் திருமதி லூனென், மாடிப்படி கூட்டும் முறைப்பலகையிலிருந்து என் பெயரைச் சுரண்டியே எடுத்திருந்தார். என்னைப் படியில் கண்டதும் நெஞ்சில் கைவைத்து, "நல்லவேளை, உயிரோடதான் இருக்கீங்க. அப்ப இந்தச் சனிக்கிழமை முறை உங்களுது" என்றார். என் மீள்வருகைக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவே.

நான் சொல்லவந்தது இனிமேல்தான். நான் செத்தேன் என்று நம்பியவர்கள், செத்தவன் வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று வரவில்லை. சாகவில்லை என்று அறிந்த எதிர்வீட்டு வில்பெர்ட், சாகாதவனைப் பார்க்க என்ன அவசரம் என்று வரவில்லை. இரு சாராரும் வராமையில் மட்டும் ஒன்றுபட்டீர்கள். இதுவா தோழமை? வெட்டாமல் காப்பதுதான் கத்திக்குச் செய்யும் மதிப்பு என்றால், போய்ப் பாராமல் காப்பதுதான் மனிதனுக்குச் செய்யும் மதிப்பா?

ஆகவே கோருகிறேன். இரங்கலைத் திரும்பப் பெறுக. அதே பக்கத்தில், அதே அளவில், எண் நாற்பத்தொன்றுக்குப் பிறப்பறிவிப்பு வெளியிடுக. வெங்காயத்தின் முன்னிலையில் கண் திறந்தது என்று எழுதுக. என் நாற்காலியை மேசைப்பக்கம் திருப்புக. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் கத்தியால் மேசையிலேயே ரொட்டி அறுத்து உண்க. மறுத்தால், என் கத்திகள் அனைத்தையும் வூப்பர் ஆற்றில் கொட்டிவிட்டுக் கழகத்தினின்றும் விலகுவேன். பின்வாங்கும் வழக்கம் எனக்கில்லை.

தங்கள் இல்லங்களில் நலமும் தங்கள் எஃகில் ஒளியும் நிலைக்க வாழ்த்தும்,
எவால்ட் பெர்காவ்

பின்குறிப்பு: வில்பெர்ட், மேலே உள்ளதை யாருக்கும் படித்துக்காட்டாதே. கறையைச் சாம்பலும் எண்ணெயும் வைத்துத் தேய்த்துப் போக்கிவிட்டேன். வரிகள் சற்று மங்கின, அவ்வளவுதான். கத்தியைப் பேழைக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. மன்னிப்பு எழுதித் தரச் சொன்னால் தருகிறேன். இரங்கல் அறிவிப்பும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நாற்காலி சுவரைப் பார்த்தே இருந்தாலும் உட்கார்ந்துகொள்வேன். உங்கள் பேச்சு முதுகில் விழுந்தால் போதும். அந்த வண்டிக்குள் இருந்தவர்களில் இனி உன்னையும் என்னையும் தவிர யாருமில்லை. வியாழன்வரை காக்க வைக்காதே. இதைக் கீழே வைத்துவிட்டு மேலங்கியை மாட்டு, தெருவைக் கடந்து வா, இப்போதே வா.