வெள்ளவத்தை மோர் நிரபராதி

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் கொண்ட டோரின் அக்காவுக்கு,

இங்கு அனைவரும் எழுந்து நடமாடுகிறோம். நீங்கள் பூரண நலம் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் நலமாயிருப்பதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான சாட்சி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கணவர் ஹியூபேட் அண்ணர் கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டதாக உங்கள் மகன் நிரோஷன் சொன்னார். கேட்டு நிம்மதி. என் கணவர் ராகுலன் இன்னமும் பாணும் பால் விடாத பிளேன்டியும்தான். மகள் யதுஷாவுக்கு வயிறு சரியாகிவிட்டது. ஆனால் அவளுக்கும் நிரோஷனுக்கும் அடுத்த மாதம் பதிவாளருக்கு முன்னால் நடக்கவிருந்த கலியாண எழுத்தை "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஆகவே வயிறு சரியானதால் ஒரு பயனும் இல்லை.

நான் யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மூவரும் முறையாகப் பெண் வீட்டுக்கு வந்தீர்கள். வெள்ளிக்கிழமையென்றால் எங்கள் வீட்டில் மரக்கறி, ஆகவே சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், கடைசியில் மோர். வெறுங்கையோடு வரக்கூடாதென்று நீங்கள் ஒரு பெரிய கண்ணாடித் தட்டு நிறையச் சொக்லட் பிஸ்கட் புடிங் செய்து, கொட்டாஞ்சேனையிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு, ஏசி வேலை செய்யாத வான் வண்டியில், உச்சி வெயிலில், காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தீர்கள். "இதுக்கு நெருப்பே காட்டத் தேவையில்ல துஷ்யந்தி. கிராண்ட்பாஸில எனக்குத் தெரிஞ்ச ஆளிட்ட வாங்கின நாட்டு முட்டை. பச்சையா அடிச்சு பட்டரோட சேர்க்கிறது. அதுதான் அந்த மெதுமை" என்று நீங்கள் சொன்னபோது, ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கும் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், புடிங் சாப்பிட. சம்பந்தியாகப் போகிறவர் முதன்முதல் கொண்டுவந்ததை எப்படி வேண்டாமென்பதென்று பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஹியூபேட் அண்ணர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். ராகுலன் மரியாதைக்காக மூன்று தரம். யதுஷாவும் நானும் ஒவ்வொரு தரம். உங்களுக்குச் சீனி வருத்தம், நீங்கள் தொடவில்லை. "சின்னனில இருந்து திண்டு அலுத்திட்டன் அன்ரி" என்று நிரோஷனும் தொடவில்லை. நீங்கள் இருவரும் அதற்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு கிளாஸ் மோர் குடித்தீர்கள். இதைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்.

எங்கள் மாடிவீட்டில் மூன்று பேருக்கு ஒரு கழிவறை. சனிக்கிழமையைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும். ஹியூபேட் அண்ணருக்குச் சேலைன் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் ஒண்டும் சொல்லேல்ல துஷ்யந்தி" என்று தொடங்கினீர்கள். "ஆனா எங்கட மனுசன் முப்பது வரிசம் ஹாபர்ல வேலைக்கு நிண்டு, முகத்துவாரத்து நண்டு, தெருவோரத்து இஸ்ஸோ வடை எல்லாம் திண்டும் ஒரு நாள் படுக்காத ஆள். உங்கட ஒரு கிளாஸ் மோர் அவரக் கட்டிலில போட்டிட்டுது." அவர் மோரைத் தொடவேயில்லை அக்கா. நீங்கள் அவருக்கு ஊற்றிய கிளாஸையும் நீங்களேதான் குடித்தீர்கள். அதைச் சொன்னேன். "அப்ப எனக்கு ஏன் ஒண்டும் செய்யேல்ல? சொல்லுங்கோ பாப்பம்" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். அது என்னுடைய கேள்வி அக்கா. என்னுடைய கேள்வியை எடுத்து எனக்கே எதிராக நீட்டினால் நான் எதைக் கொண்டு வாதாடுவது?

அதற்குள் உங்கள் செபக்கூட்டத்தில் வெள்ளவத்தை மோரால் பாதிக்கப்பட்ட சகோதரர் ஹியூபேட்டுக்காக விசேஷ மன்றாட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குச் சட்டை தைக்கும் டெய்லர் கொட்டாஞ்சேனைக்காரி. அளவு எடுக்கும்போது, "மிஸ், உங்கட பக்கம் மோர் சரியில்லையாமே?" என்று என்னிடமே கேட்டாள். அதோடு, "தட்டையும் வைச்சிருக்கிறாங்கள்" என்றும் நீங்கள் சொன்னதாகக் கேள்வி. ஓம், வைத்திருந்தேன். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் உங்களிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. வடையோ கேசரியோ எதையாவது நிரப்பித்தான் தரவேண்டும். வீடு முழுவதும் சத்தி எடுத்துக்கொண்டிருக்கையில் யார் வடை சுடுவது? சுட்டாலும் எங்கள் கையால் நீங்கள் சாப்பிடுவீர்களா? அதனால் தட்டு அடியில் மிஞ்சிய புடிங்கோடு, மிச்ச மோர்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜில் இருந்தது. நோயாளிகளைப் பார்க்க இளநீரோடு வந்த நிரோஷன் பிரிட்ஜைத் திறந்தார். கிருமிகளின் மரபணுவை வாசிக்கிற ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளை, அந்த இரண்டையும் பார்த்த பார்வையில் யதுஷாவைக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நீல மூடிப் போத்தல் ஒன்றை எடுத்து, "அங்கிள், ஒரு சின்ன சாம்பிள்..." என்றார். என் கணவர் வருங்கால மருமகனோடு அதுவரை கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் கதைத்தவரல்லர். மறுநாள் காலை அந்தப் போத்தலைப் புடவைக்கடைப் பையில் சுற்றி, கூறைச்சேலை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். உங்கள் வீட்டிலும் ஹியூபேட் அண்ணரிடம் ஒரு போத்தல் வாங்கியிருக்கிறார், உங்களுக்குத் தெரியாமல். அதற்காகப் பிள்ளையைக் கோபிக்க வேண்டாம்.

முடிவு வந்துவிட்டது. சல்மொனெல்லா என்கிற கிருமி. கோழியின் வயிற்றிலும் முட்டையிலும் குடியிருக்கும், நெருப்புக் கண்டால் சாகும், நெருப்பே காட்டாவிட்டால் வெயிலில் பெருகும். அதன் மரபணு கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு இலட்சம் எழுத்து நீளம். அத்தனையையும் இயந்திரத்தில் வாசித்து வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். வேறு வேறு இடத்திலிருந்து வந்த கிருமியென்றால் நூற்றுக்கணக்கில் எழுத்துகள் மாறியிருக்குமாம். ஹியூபேட் அண்ணரிடமிருந்ததற்கும் என் கணவரிடமிருந்ததற்கும் தட்டிலிருந்ததற்கும் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். மோரில் இருந்தது பாலைத் தயிராக்கும் சாதுவான கிருமி மட்டும். நாங்கள் இந்தக் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கவில்லை, உங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை, எனக்கும் இல்லை. பார்த்த ஒரே பொருத்தம் இதுதான், இதைவிட நெருங்கிய பொருத்தத்தை எந்தச் சாத்திரியும் எழுதித்தர மாட்டார்.

"இதை நீரே அம்மாட்டச் சொல்லலாமே தம்பி, நீர்தானே கண்டுபிடிச்சனீர்?" என்று நிரோஷனிடம் கேட்டேன்.

"அன்ரி, நான் அந்த வீட்டில சாப்பிடோணும்" என்றார்.

"அப்ப நான் சொல்லிறதோ?"

"நீங்கள் வெள்ளவத்தையில இருக்கிறீங்கள் அன்ரி. தூரம்."

ஆகவே நான் எழுதுகிறேன். டோரின் அக்கா, உங்கள் கைமணத்தில் ஒரு குறையும் இல்லை, குறை முட்டையில். மன்னிப்பும் கேட்கவில்லை, செபக்கூட்டத்தில் மறுப்பு மன்றாட்டும் கேட்கவில்லை. எழுத்து குறித்த நாளில் நடக்க வேண்டும், அது மட்டும் போதும். ஒரு சட்டி மோருக்காக இரண்டு பிள்ளைகளை ஒத்திவைக்காதீர்கள்.

ஹியூபேட் அண்ணரின் குடலை உங்கள் அந்தோனியாரும் எங்கள் பிள்ளையாரும் பங்குபோட்டுக் காக்கட்டும். உங்கள் சீனி கட்டுக்குள் இருக்கட்டும். இந்தத் தடவை அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாக இன்னமும் காத்திருக்கும்
துஷ்யந்தி ராகுலன்

பி.கு.: இது நிரோஷனுக்கு. தம்பி, உறையை ஒட்டுவதற்குள் உம்முடைய அம்மாவே தொலைபேசியில் வந்துவிட்டார். "துஷ்யந்தி, நான் யோசிச்சுப் பாத்தன். மோர் புளிக்கிறது ஆற்ற குற்றம்? ஆண்டவர் மன்னிக்கத்தானே சொல்லியிருக்கிறார், நான் உங்கள மன்னிச்சிட்டன். எழுத்து அதே நாளில நடக்கட்டும்" என்றார். யதுஷா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓம் அக்கா, மோர்தான்" என்றேன். அவர் அத்தோடு வைத்திருக்கலாம். "எழுத்துக்கு வாற நூறு பேருக்கும் புடிங் என்ர பொறுப்பு" என்றார். "அக்கா, நல்ல காரியம் நடக்கிற அண்டைக்கு முட்டையே சேர்க்கக் கூடாதெண்டு எங்கட ஐயர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார்" என்றேன். நான் ஓர் ஐயரோடு கடைசியாகக் கதைத்தது என் கலியாணத்தன்று. உடனே அம்மாவின் குரல் தணிந்தது. "ஐயோ, சமய விசயத்தில நான் கை வைப்பனா? புடிங்குக்குப் பதிலா பால் காய்ச்சிக் கடற்பாசி செய்துகொண்டு வாறன்" என்றார். நாற்பத்தெட்டு இலட்சம் எழுத்தை வைத்து நான் நான்கு பக்கம் மன்றாடியதை இல்லாத ஓர் ஐயர் ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். ஆகவே இந்தக் கடிதம் கொட்டாஞ்சேனைக்குப் போகாது. கிழிக்கவும் மனம் வரவில்லை. உம்முடைய ஆய்வுகூடத்தில் கிருமிகளை உறையவைத்துப் பாதுகாக்கிற பெட்டியில் ஒரு மூலையில் இதையும் வைத்துவிடும். அங்கே எதுவும் சாகாது, பரவவும் பரவாது என்று நீர் சொன்னனீர்.