பழைய ஹோட்டலுக்கே வரலாறு சொன்னவர்

நம்மவர்களுக்குள்ளே விளக்கம் சொல்பவர் என்றொரு இனம் உண்டு. அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நீண்ட வார இறுதி ஒன்றில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து இரண்டு வான் வண்டிகள் எங்காவது புறப்படுமானால், முதல் வானின் முன் இருக்கையில், பாதையைப் பார்க்காமல் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அவர். சீற் பெல்ற் கழுத்தை அறுக்கும். அவர் நிறுத்தமாட்டார். அருவியைக் கண்டு நீங்கள் "ஆ" என்று வாயைத் திறந்தால், அந்தத் தண்ணீர் எந்த ஏரியில் புறப்பட்டது என்ற செய்தியைத் திறந்த வாய்க்குள்ளேயே போட்டுவிடுவார். செத்த வீட்டுக்குப் போனால் பெட்டி எந்த மரத்தில் செய்தது என்று சொல்வார். செத்தவரின் பெயரில்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

இவ்வளவு அறிவும் எங்கிருந்து வருகிறது? தெருவோரத் தகவல் பலகையில் முதல் இரண்டு வரி, யூரியூப்பில் பாதி வீடியோ. மிச்சமெல்லாம் துணிவு.

இந்த இனத்துக்கு எனக்குத் தெரிந்த உதாரணம் மில்லிக்கனில் இருக்கும் தியாகலிங்கம் அண்ணை. போன கோடையில் அவர் எங்களை வடக்கே ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார். ஒருகாலத்தில் அங்கே தங்கம் அகப்பட்டதென்று கேள்விப்பட்டு, ஆட்கள் காட்டை வெட்டிக்கொண்டு ஓடினார்களாம். தங்கம் முடிந்து நெடுங்காலமாகிறது. ஆட்கள் குடித்த, சூதாடிய, கடன் சொல்லிவிட்டு ஓடிய, மரத்தால் கட்டிய ஹோட்டல்கள் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு.

புறப்படும்போதே ஒரு பிரச்சினை இருந்தது. எங்களோடு வந்த அருள்நாயகி அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. படி ஏறக்கூடாது.

"அப்பா, அங்க லிஃப்ட் இருக்கோ?" என்று அண்ணையின் மகள் லக்சிகா கேட்டாள்.

"அது நூறு வருசத்து ஹோட்டல் பிள்ளை. லிஃப்ட் இருந்தால் பிறகென்ன வரலாறு?"

"அப்ப அக்கா என்னெண்டு ஏறுறது?" இது அண்ணையின் மனைவி குணவதி.

"கீழ ஒரு அறை கேட்டு எடுத்துத் தாறன். நான் கதைக்கிறன். நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கவேண்டாம்."

அவர் கதைப்பார் என்பதில் யாருக்குச் சந்தேகம்? வழி முழுவதும் கதைத்தார். மார்க்கம் தாண்டும்போது நூறு பேராக இருந்த தங்கத் தேடிகள் பரி நகரைக் கடக்கும்போது ஆயிரம் பேரானார்கள். நாங்கள் இறங்கி இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு முடிப்பதற்குள், அதில் பாதிப் பேரைக் காட்டுத்தீயில் எரித்தும்விட்டார். தங்கம் கிண்டினவன் எல்லாம் ஓட்டாண்டியாகப் போக, ஹோட்டல் கட்டினவன்தான் பணக்காரனானான் என்றார். அங்கேயிருந்து ஒரே தாவலில், தொண்ணூறுகளில் நாங்கள் மார்க்கத்தில் வாங்காமல் விட்ட காணிகளுக்கு வந்து சேர்ந்தார். உலகத்து வரலாறு எதை எடுத்தாலும் அவரிடம் வீட்டு விலையில்தான் போய் முடியும்.

பின்னேரம் ஹோட்டலுக்குள் நுழைந்தோம். செங்குத்தான மரப்படிக்கட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அருள்நாயகி அக்கா அதைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கவுண்டரில் ஒருவர்தான் கதைப்பார். மற்றவர்கள் சாமான்களோடும் ஒளித்துக் கொண்டுவந்த ரைஸ் குக்கரோடும் அவருக்குப் பின்னால் மரியாதையாக நிற்போம். அன்றும் நின்றோம். அண்ணை மேசையில் முழங்கையை ஊன்றி, சுவரில் தொங்கிய மீசைக்காரரின் படத்தைக் காட்டி, அங்கிருந்த இளம் பெண்ணிடம் ஆங்கிலத்தில் தொடங்கினார். இந்த ஹோட்டலைக் கட்டியவர் இவர்தான், பெருந்தீயில் எரிந்து செத்துப்போனார், தெரியுமா?

அந்தப் பெண் சிரித்தாள். "அவர் என் பூட்டனார். தீயில் சாகவில்லை. பிறகு இதைத் திருப்பிக் கட்டி, வயது போய், இந்த வீட்டிலேயேதான் காலமானார்."

"குடும்பங்களில் அப்படித்தான் சொல்லி வைப்பார்கள்" என்று அண்ணை அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

அவளுடைய கண் அருள்நாயகி அக்காவின் ஊன்றுதடியில் விழுந்தது. "கீழே ஓர் அறை…" என்று தொடங்கினாள். கீழேதான் அந்தக் காலத்தில் மதுச்சாலை இருந்தது என்று அண்ணை முடித்துவைத்தார். அவள் மறுபடி தொடங்கினாள். மதுச்சாலையில் நடந்த துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்டது.

"அப்பா, அவ என்னவோ சொல்ல…"

"பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க விழாதே பிள்ளை."

லக்சிகா எங்களைப் பார்த்தாள். நாங்கள் ரைஸ் குக்கரைப் பார்த்தோம்.

இந்த நேரத்தில் மீன்பிடித் தூண்டிலோடு ஒருவர் உள்ளே வந்தார். மேசையின் மறுகரையில் நின்றபடி அறை இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வசனம். அந்தப் பெண் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அண்ணை துப்பாக்கிச் சண்டையின் இரண்டாவது குண்டில் நின்றார். அவள் அறைத் திறப்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள். தூண்டில்காரர் எங்களைக் கடந்து போய், படிக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

சண்டை முடிந்ததும் அண்ணை கேட்டார்: "கீழே அறை ஏதாவது உண்டா?"

"ஒன்று இருந்தது" என்றாள் அவள். "அதைத்தான் சொல்லப் பார்த்தேன்."

அருள்நாயகி அக்கா ஏறினார். ஒரு படி ஏறி, இருந்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. ஒரு பக்கம் குணவதி, மறுபக்கம் லக்சிகா. படிக்கட்டு திரும்பும் இடத்தில் அண்ணை முன்கூட்டியே போய் நின்றார்.

"அக்கா, யோசிச்சுப் பாருங்கோ. அந்தக் காலத்தில சுரங்கத்தில வேலை செய்து செத்த ஆக்கள் எல்லாம் இந்தப் படியாலதான்…"

"தம்பி, செத்த ஆக்களை விடும். நான் இன்னும் உயிரோட ஏறிக்கொண்டிருக்கிறன்."

அண்ணை ஒதுங்கி வழி விட்டார். ஒதுங்கியதும், அந்தக் கைப்பிடி எந்த மரம் என்று மெல்ல லக்சிகாவுக்குச் சொன்னார்.

இரண்டு நாளும் அக்கா கீழே இறங்கவேயில்லை. அந்த ஊரில் அவர் கண்டது ஜன்னலுக்கு நேரே நின்ற ஒரு தந்திக்கம்பம்தான். போன கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணை அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டேன். அவருடைய கதையில் இப்போது கீழ் அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. மேல்மாடியிலிருந்து ஊரைப் பார்க்கவேண்டுமென்று அருள்நாயகி அக்காவே அடம்பிடித்து ஏறியிருக்கிறார். இரண்டு மேசை தள்ளி, காலை நீட்டி வைத்திருந்த அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்திலிருந்த யாரோ சொன்னார்: "பொறுங்கோ அக்கா, அண்ணை முடிக்கட்டும்."

அந்த ஊரின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அங்கே தங்கம் கிடைத்த வருடத்தையும், நான் விட்ட பிழைகளையும் பக்கத்தில் இருப்பவருக்கு இந்நேரம் விளக்கத் தொடங்கியும் இருப்பீர்கள். சொல்லுங்கள், நல்லது. ஆனால் ஒரு நொடி அவருடைய முகத்தைப் பாருங்கள். அவர் எவ்வளவு நேரமாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்?